ஆவாரங்காட்டுக்குப் போன கட்டில்

எங்கள் தைப்பிங்கில் மழை பெய்தால் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். பெய்யாமல் போனால்தான் சேதி. அந்த ஊரில் இருந்துகொண்டு ஆவாரஞ்செடி வளர்க்க ஆசைப்பட்டேன் என்றால் என் புத்தியை என்னவென்று சொல்வது? நான் வேலை பார்த்த தமிழ்ப்பள்ளித் தோட்டத்தில் பட்டாம்பூச்சிகளுக்கென்று ஒரு மூலையை ஒதுக்கியிருந்தோம். மஞ்சள் பட்டாம்பூச்சி வேண்டுமென்றால் ஆவாரை வையுங்கள் என்று எங்கோ படித்துவிட்டு, தபாலில் விதை வரவழைத்து ஊன்றினேன். முளைத்தது, நாலு இலை விட்டது, அழுகியது. மறுபடி ஊன்றினேன். மறுபடி அழுகியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, செடியை அதன் ஊரிலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். "ஒரு களைக்காகக் கடல் தாண்டுகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான்" என்றார் என் கணவர். மனுஷன் சொன்னதில் தப்பில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மார்கழிக் கடைசி அது. கோயம்புத்தூரில் இறங்கியதும் முதலில் தெரிந்தது காற்றின் வறட்சிதான். எங்கள் ஊரில் துவைத்த துணி காய ரெண்டு நாளாகும். இங்கே என் உதடே அரை நாளில் காய்ந்து வெடித்தது. துடியலூரில் சுசீலா வீட்டில் தங்கினேன். சுசீலாவும் ஆசிரியையாக இருந்தவள். கடிதத்தில் பழகிய தோழி. விதை அனுப்பியதும் அவள்தான். முதல்நாள் காலையில் சந்தகை பிழிந்து, தேங்காய்ப்பாலும் எலுமிச்சைத் தாளிப்புமாக இரண்டு வகை வைத்தாள். எங்கள் ஊர் இடியாப்பத்துக்குச் சொந்தக்காரிதான் இந்தச் சந்தகை என்றாலும், இதன் பக்கத்தில் நிறுத்தினால் நம்முடையது கொஞ்சம் இளைத்துத்தான் தெரியும்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு நர்சரிக்குக் கூட்டிப்போனாள். ரோஜா, குரோட்டன்ஸ், பாக்கு நாற்று எல்லாம் வரிசையாக இருந்தன. ஆவாரஞ்செடி இருக்கிறதா என்று கேட்டேன். நர்சரிக்காரர் என்னையும் சுசீலாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்கக்கா, வெளையாடறீங்களா? அதையெல்லாம் காசுக்கு வித்தா ஊர் சிரிக்குமுங்க. அதா, ரோட்டுக்கு அக்கட்டால பாருங்க. வேணுங்கறத ஒடிச்சுக்கங்க, ஆரும் கேக்க மாட்டாங்க."

திரும்பிப் பார்த்தேன். ரயில் பாதையோரத்துச் சரளைக் குவியல் மேல், லாரிப் புகையில் இலையெல்லாம் கறுத்துப்போய், உச்சியில் மட்டும் கொத்துக் கொத்தாக மஞ்சள். தொட்டிக்குள் நான் தாலாட்டி வளர்த்து ஒவ்வொன்றாகப் பறிகொடுத்த செடி. ரோட்டைத் தாண்டிப் போய்க் கும்பிட வேண்டும்போல இருந்தது. சுசீலா கையைப் பிடித்து இழுத்தாள். பஸ் வந்துகொண்டிருந்தது.

அடுத்த நாள் தொண்டாமுத்தூர். சுசீலாவுக்குத் தெரிந்த ஒருவரின் தோப்பில் ராத்திரி யானை வந்துபோயிருந்தது. வாழையை நார் நாராகக் கிழித்துப் போட்டிருந்தது. தென்னங்கன்றுகளின் குருத்தைப் பிடுங்கித் தின்றிருந்தது. வேலியோரத்து ஆவாரையை மட்டும் மிதித்துக்கூடப் போகவில்லை. "மாடும் மோந்து பாத்துட்டுப் போயிருமுங்க, யானையும் அப்படித்தான்" என்றார் தோட்டக்காரர். அவர் அழிந்துபோன வாழையைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் குனிந்து ஆவாரை இலையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அது அவ்வளவு நாகரிகமில்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த ஒரு புதரில் எத்தனை குடித்தனம்! கொழுந்திலையின் அடியில் இலையின் நிறத்திலேயே ஒட்டிக் கிடந்தது புழு. எங்கள் பள்ளிக்கு வராத அந்த மஞ்சள் பட்டாம்பூச்சியின் பிள்ளை. பூவில் கட்டைவிரல் தண்டிக்குக் கருவண்டு ஒன்று தொங்கிக்கொண்டு ரீங்காரமிட, அதன் அதிர்வில் மகரந்தம் பொடியாக உதிர்ந்தது. சின்னத் தையல்சிட்டு வந்து புழுவில் ஒன்றைக் கொத்திக்கொண்டு போனது. தண்டடியில் இருந்த நிழலில் ஓர் ஓணான். மழையில்லாத மண்ணில் இத்தனை பேருக்கும் சோறு போடுகிற செடியைப் போய்க் களை என்று சொன்னாரே என்று கணவர்மேல் கோபம் வந்தது.

பொங்கலுக்குப் பிள்ளைகள் வருவதால் சுசீலாவால் நகர முடியவில்லை. "கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்துல எங்க பெரியப்பா மகன் சென்னியப்பண்ணன் இருக்காரு. பொங்க நோம்பிய அங்க பாருங்க, நான் சொல்லிப்போட்டேன்" என்று பஸ் ஏற்றிவிட்டாள்.

பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் உட்கார்ந்தோம். ஓட்டுநரும் நடத்துநரும் ஜாக்கியோடு மல்லுக்கட்டும்போது, எனக்குப் பக்கத்தில் இரண்டு அம்மாக்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். "இவள் முகத்தைப் பார்த்தால் நம்ம பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறது. செருப்பைப் பார்த்தால் இல்லை." "பாவம், தனியாக வருகிறாள். வீட்டில் சண்டையோ என்னவோ." நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டப்புறத்தில் தெலுங்குக் குடும்பங்கள் உண்டு. சின்ன வயதில் அவர்கள் பிள்ளைகளோடுதான் விளையாடினேன். சண்டை எதுவுமில்லை, பூ பார்க்க வந்தேன் என்று தெலுங்கிலேயே சொன்னேன். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு அவர்கள் பையிலிருந்து கச்சாயமும் கடலை உருண்டையும் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. கச்சாயம் என்பது நம் அதிரசத்துக்கு அக்கா. கோபி வருவதற்குள் வயிறு நிறைந்துவிட்டது.

கோபி பக்கம் போனதும் என் மனம் சற்று இறங்கிப்போனது. எங்கே பார்த்தாலும் வாய்க்கால், நெல், வாழை, தென்னை. எங்கள் பேராக் மாநிலத்து நெல்வயலைப் பெயர்த்து வைத்ததுபோல இருந்தது. இத்தனை தண்ணீரில் ஆவாரை எங்கே?

சென்னியப்பன் வீட்டில் அதற்குப் பதில் வாசலிலேயே இருந்தது. ஜன்னலுக்குக் கீழே வரிசையாகச் சிமெண்டுத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் வண்டல் மண், நன்றாக மக்கிய தொழுவுரம், நடுவில் அழுகிக் கறுத்த ஒரு குச்சி. தைப்பிங்கில் என் தொட்டிகள் இருந்த அதே கோலம். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"வாங்க டீச்சர், வாங்க. நல்லாருக்கீங்களா? பஸ்ஸு படுத்துருச்சுங்களாமா?" என்று கும்பிட்டார் சென்னியப்பன். ஆறடி உயரம், வெள்ளை வேட்டி. வாழையும் மஞ்சளும் இவர் சொன்னதைக் கேட்டு வளரும் என்று அந்தப் பக்கத்தில் பேராம். தொட்டிகளை நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுக் கூசிப்போனார்.

உள்ளே, ஜன்னலோரக் கயிற்றுக்கட்டிலில் படுத்திருந்தாள் அவர் மருமகள் சாந்தாமணி. ஆறு மாதம் முடிந்த வயிறு. இதற்கு முன் இரண்டு முறை தங்காமல் போயிருக்கிறது. இந்த முறை டாக்டரம்மா கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு முன்னால் படுத்தவள் வாசற்படி தாண்டவில்லை. அவள் புருஷன் குமரேசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை வந்து ஞாயிறு போகிறவன், பொங்கலுக்கு லீவில் வந்திருந்தான்.

சாந்தாமணி காங்கேயம் பக்கத்துப் பெண். வானம் பார்த்த காடு. அங்கே தை மாதத்தில் கண்ணுக்கெட்டிய தூரமும் ஆவாரைதான். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. ஊர்ப் பெண்கள் எல்லாரும் முறுக்கும் கரும்பும் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போய், ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்துவிட்டு வருவார்கள். கோபிப் பக்கத்திலும் அது உண்டு. வாய்க்காலுக்கு அப்புறம், தண்ணீர் ஏறாத ஒரு கரட்டுமேடு இருக்கிறது. அங்கேதான் போவார்கள். ஆனால் அந்தப் பூவை அவரவர்தான் பறிக்க வேண்டும். ஒருத்தி பறித்து இன்னொருத்திக்குக் கொடுத்தால் கணக்கில் சேராது. பிறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட அவள் அதைத் தவறவிட்டதில்லை. இந்த வருஷம் தவறினால் பிள்ளைக்கு ஆகாதோ என்று அவளுக்குள் ஒரு பயம். வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒரே ஒருநாள், "மாமா, இங்க ஜன்னலோரமா ஒரு ஆவாரை இருந்தா கையை நீட்டிப் பறிச்சுக்குவேன்" என்றாளாம். அன்றைக்கே சென்னியப்பன் தொட்டி வாங்கிவிட்டார்.

"இது வாழைக்கன்னா மாமா? ஆவாரைக்கு ஆராச்சும் நித்தம் தண்ணி ஊத்துவாங்களா?" என்று அவள் என் முன்னாலேயே கேலி செய்தாள்.

"வாடுதே கண்ணு. கண்ணுல பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்கறது?" என்றார் அவர்.

அவர் மனைவி நாச்சம்மாள் அடுப்படியிலிருந்து, "வாய்க்காத்தண்ணி பாஞ்ச ஊர்ல பொறந்தவருங்க டீச்சர். செடியக் கண்டா கை தானா சொம்பைத் தூக்கும்" என்றார். ஊரில் யாருமே அவருக்கு இதைச் சொல்லாமல் இல்லை. எல்லோரும் சொல்லியும், காலையில் எழுந்ததும் தண்ணீர் ஊற்றாமல் இருக்க அவரால் முடியவில்லை. தைப்பிங்கில் மழை செய்ததை இங்கே பாசம் செய்திருந்தது.

போகியன்று காலையில் காப்புக் கட்ட வேண்டும். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் கொத்தாகச் சேர்த்து வீட்டுக்கூரையில், மாட்டுக்கொட்டாயில், மோட்டார் ரூமில், வயலின் நாலு மூலையிலும் செருகுவார்கள். கெட்டது எதுவும் உள்ளே வராது என்று நம்பிக்கை. பூவுக்காகக் கரட்டுமேட்டுக்குப் போன சென்னியப்பனோடு நானும் போனேன். அவர் கையில் அரிவாள் இருக்கும் என்று பார்த்தால் கடப்பாரை இருந்தது. பூத்த செடி ஒன்றை வேரோடு கொண்டுபோய் மருமகள் பக்கத்தில் வைத்துவிடுவதென்று முடிவு கட்டியிருந்தார். நானும் ஆவலில் சரியென்றுவிட்டேன். இடுப்புயரப் புதர்தான். வேரோ சரளையைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது. முழங்கால் ஆழம் தோண்டியும் முடியவில்லை. கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்து இழுத்ததில் பட்டென்று அறுந்துபோனது. அப்படியே மொபெட்டின் பின்னால் கட்டிக்கொண்டு அவர் முன்னே போக, உதிர்ந்த பூக்களின் மேல் நான் பின்னே நடந்தேன்.

தொட்டியில் நட்டுக் கட்டிலருகே வைத்தபோது சாந்தாமணியின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். சாயங்காலத்துக்குள் இலை தொங்கிவிட்டது. பொங்கலன்று காலையில் தரையெல்லாம் மஞ்சள் இதழ். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்று இலையில் ஒப்புட்டு என்கிற போளி, அரிசிம்பருப்புச் சோறு, நெய் எல்லாம் இருந்தும் சென்னியப்பன் அளைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார்.

விதை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோவேன். அன்று மத்தியானம் பேச்சை மாற்றுவதற்காக, விதையை எப்படி ஊன்றுவதென்று சாந்தாமணியிடம் கேட்டேன். ஆவாரை விதைக்குத் தோல் கெட்டி. சூடான தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சொரசொரப்பான கல்லில் லேசாகத் தேய்க்க வேண்டும். நல்ல வெயில், தண்ணீர் நிற்காத சரளை மண். முளைத்த இடத்திலிருந்து கிளப்பவே கூடாது. "அப்பறம் மறந்துருங்க டீச்சர். அது உங்களை மறக்காது" என்றாள். சுவர்ப்பக்கம் பார்த்தபடியேதான் சொன்னாள். இன்று எங்கள் பள்ளிச் சைக்கிள் கொட்டகையின் ஓரத்தில், தகரத் தாழ்வாரத்துக்கடியில், உடைந்த செங்கல் நிரப்பிய குழியில் ஒரே ஒரு செடி நிற்கிறது. ஒல்லிதான். ஆனால் பூக்கிறது. மஞ்சள் பட்டாம்பூச்சிக்கு முகவரியும் கிடைத்துவிட்டது.

மாட்டுப்பொங்கல் சாயங்காலம், மறுநாள் எப்போது கிளம்புவது என்று பேச அக்கம்பக்கத்துப் பெண்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். சாந்தாமணி இருப்பதால் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். அவள் கேட்காததுபோலக் கண்ணை மூடியிருந்தாள். நாச்சம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"செடி ஊட்டுக்கு வரமாட்டேங்குது. கட்டலு காட்டுக்குப் போனா என்னங்க?"

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவரே மேலே சொன்னார். "டாக்டரம்மா கட்டல உட்டு எறங்கக் கூடாதுன்னுதான சொன்னாங்க? அவ எறங்க வேண்டாம். கட்டலோட தூக்கிட்டுப் போலாம்."

வாசலில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பெரியவர் தொண்டையைக் கனைத்தார். "தாயி, சொல்றேன்னு கோவிச்சுக்காத. ஆளைப் படுக்கவெச்சு நாலு பேரு தூக்கிட்டுப் போறதுன்னா..." என்று நிறுத்திக்கொண்டார். மீதியை யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதான். சென்னியப்பன் முகம் வெளுத்துப்போனது. புள்ளத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சே வேண்டாம் என்று எழுந்துவிட்டார்.

நாச்சம்மாள் விடவில்லை. "அதைத் தூக்கறது ஆம்பளைங்கதானுங்க. பொம்பளைங்க தூக்குனா அது புள்ள படுக்கற தொட்டலு. நாலு பேரு வேண்டாம், எட்டுப் பேரு தூக்கறோம். மூங்கலும் கட்ட வேண்டாம், கையிலயே புடிக்கறோம். ஒரு ஆம்பள கூட வரக்கூடாது. இதுல என்ன தப்புங்க?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப செரி" என்றார். எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது.

டாக்டரம்மா சரியென்றால் சரி என்று சென்னியப்பனும் இறங்கிவந்தார். குமரேசன் பைக்கை எடுத்துக்கொண்டு கோபிக்கு டாக்டரம்மா வீட்டுக்கே போனான். அவன் திரும்பி வரும் வரை யாரும் வீட்டுக்குப் போகவில்லை. டாக்டரம்மா முதலில் திட்டினாராம். பிறகு எவ்வளவு தூரம், பாதை எப்படி என்று கேட்டாராம். கடைசியில், "தலகாணி வெச்சு, குலுங்காமக் கொண்டுபோய்க் குலுங்காமக் கொண்டாங்க, வெயிலேறறதுக்குள்ள திரும்பிருங்க" என்றாராம். சாந்தாமணி கண்ணைத் திறந்தாள். மாமியார் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

காலையில் எட்டுப் பேர் கட்டிலைச் சுற்றி நின்றோம். ஆமாம், என்னையும் சேர்த்துத்தான். விருந்தாளி தூக்கக் கூடாது என்று ஒருத்தி தடுத்தபோது, "டீச்சருக்கும் ஒரு கை குடுங்க, பூவுக்காகத்தான வந்திருக்காங்க" என்றார் நாச்சம்மாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் எனக்குச் சோறு போட்டிருக்கிறார்கள். தங்கள் வீட்டுப் பெண்ணைத் தூக்க ஒரு கை கொடுத்தவர்கள் இவர்கள்தான். அந்த நன்றியை எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நான் மற்றவர்களைவிட உயரம். என் பக்கம் கட்டில் சாய்ந்தது. "டீச்சர், சித்தெ முட்டியை மடக்கி நடங்க" என்றார்கள். வாத்து மாதிரி நடந்தேன். அதைப் பார்த்துச் சாந்தாமணி சிரிக்க, "சிரிக்காத, குலுங்குது" என்று எட்டுப் பேரும் அதட்டினோம். தோப்புக்கு நடுவே வந்த தூரமெல்லாம் ஆள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். வாய்க்கால் பாலத்தில் மட்டும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.

மேட்டில் ஆவாரைக்கு நடுவே கட்டிலை இறக்கினோம். தலைமாட்டில், கால்மாட்டில், இரண்டு பக்கமும் பூ. கருவண்டுகள் எங்களைச் சட்டை செய்யவில்லை. சாந்தாமணி கையை நீட்டி ஒரு கொத்தை ஒடித்தாள். அதை மார்மேல் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு மடி நிறையப் பறித்தாள். ஒரு கிளையில் பச்சைப்புழு இருந்தது. பக்கத்தில் நின்றவள் அதைத் தட்டிவிடப் போனாள். "இருக்கட்டுமுக்கா, அதுவும் ஒரு புள்ளைதான" என்று அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டாள். கட்டிலைச் சுற்றிக் கும்மியடித்தோம். எனக்குப் பாட்டும் தெரியாது, அடியும் தெரியாது. கைதட்டினால் போதும் என்றார்கள்.

திரும்பும்போது பாதி வழியில் என் பக்கத்துப் பெண் ஜாடை காட்டினாள். சாந்தாமணி தூங்கிவிட்டிருந்தாள். பாடிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பூக்கூடை சுமந்து வந்தவர்கள் வளையல் சத்தம் கேட்காமல் கையை மார்போடு சேர்த்துக்கொண்டார்கள். அத்தனை பேரும் வாய் பேசாமல், குனிந்த தலையோடு, பாதையைப் பார்த்து அடிமேல் அடி வைத்து வந்தோம்.

வாய்க்கால் கரையில் காத்திருந்த சென்னியப்பன் எங்களைப் பார்த்தார். பாட்டோடு போன கூட்டம் சத்தமில்லாமல் வருகிறது. நடுவில் கட்டில். கட்டிலில் கண்மூடிய மருமகள், மேலெல்லாம் பூ. பாலம் இருப்பதையே மறந்துவிட்டு மனுஷன் வாய்க்காலுக்குள் குதித்தார். இடுப்பளவு தண்ணீரில் வேட்டி மிதக்க, "அம்மணி... அம்மணி..." என்று குரல் வராத குரலில் கூப்பிட்டுக்கொண்டு கரையேறி ஓடி வந்தார்.

நாச்சம்மாள் ஒரு கையைக் கட்டிலிலிருந்து எடுத்து உதட்டில் விரலை வைத்தார்.

"கத்தாதீங்க. தூங்கறா. கார்த்திகைலருந்து புள்ள கண்ணு மூடல, இப்பத்தான் தூங்கறா."

சென்னியப்பன் அப்படியே ஈர வேட்டியோடு மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கட்டிலைத் தொடக் கையைத் தூக்கியவர், ஆண்கள் தொடக் கூடாதென்பது நினைவு வந்து கையை இறக்கிக்கொண்டார். பிறகு எழுந்து எங்களுக்கு முன்னால் போய், குனிந்து, பாதையில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைத்துக்கொண்டே வீடு வரைக்கும் நடந்தார்.